தண்ணீர் அல்லாதது

ஈயோக்கி ஆறு கடலில் கலக்குமிடத்தில்
எஞ்சினை அணைத்தான் ஔலிஸ்.
பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அது தலைக்கு மேல் வரும்.
அதுவரை நங்கூரம், காற்று, பிளாஸ்கில் காபி.

ஜூன் முழுக்க மேகம்.
ஜூலையில் ஒருநாள் வெளுத்தது,
அன்றைக்குப் பார்த்து மோட்டார் மக்கர்.
இன்று ஆகஸ்ட் பத்தொன்பது.
வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.
ரைலி நம்பவில்லை.
கடன்காரன் தெருமுனையில் தெரிகிறானா என்பதுபோல
அடிக்கடி அண்ணாந்து பார்க்கிறாள்.

வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குகிறேன்.
மஞ்சளாகி, செம்பாகி
ஒரு மீட்டருக்குள் காணாமல் போகிறது.
மேலே எங்கோ சதுப்பு ஊறுகிறது.
ஆயிரம் வருடப் பாசியின் சாறு
உப்பென்று சொல்லமுடியாத இந்த உப்புக்கு
இறங்கி வருகிறது.
புட்டியில் பிடித்துக்
காபிக் கோப்பையருகே வைக்கிறாள் ரைலி.
"மாற்றிக் குடித்துவிடாதே."

அவ்வளவு உயரத்திலிருந்து
கரி தெரியுமா என்கிறான் ஔலிஸ்.

தெரியாது.
நீலத்தை எவ்வளவு விழுங்கியது, அது தெரியும்.
மிச்சம் கணக்கு.
இந்த நீர் படுகருமி.
நூறு காசு வெளிச்சம் போட்டால்
ஒரு காசு திருப்பித் தரும்,
அதுவும் போகிற வழியில்
காற்றின் சில்லறையோடு கலந்துவிடும்.
பிரித்து எண்ணத்தான் எங்களுக்குச் சம்பளம்.

யோசித்தான்.
"தாடையில்லாத என் மீனும்
இருட்டுத் தண்ணீரில்தான் பொறிக்கு வரும்.
நிலா இருந்தால் வராது."

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.
ஒன்றும் நடக்கவில்லை.
ரைலி வானத்துக்குக் கை காட்டினாள்,
அல்லது முடியை ஒதுக்கினாள்.

ஒன்பது நாள் கழித்து
ஆய்வகம் சொன்னது: லிட்டருக்குப் பதினாறு மில்லிகிராம்.
வானம் சொன்னது: பன்னிரண்டு.
நாலு மில்லிகிராமைத் தேடி
ஒரு திங்கட்கிழமை முழுக்க
ஆளுக்கொரு திரையில் உட்கார்ந்திருந்தோம்.
கிடைக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன்.
ஆற்றின் பழுப்பு விரல்விரித்துக் கடலுக்குள் போகிறது.
நடுவே ஒரு சதுரத்தை வெட்டி எடுத்திருந்தது கணினி,
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.
காரணம் என்ற கட்டத்தில்
'தண்ணீர் அல்லாதது'.

படகின் வெள்ளை.
தட்டு, கயிறு, ஆறிப்போன காபி,
நிலா பற்றி அவன் சொன்னது,
எல்லாம் அந்த ஓட்டைக்குள்.

அச்செடுத்து ஔலிஸுக்கு அனுப்பினேன்.
நேற்று பதில் வந்தது.
செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கிலோ மீன்,
ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி:
வசந்தத்தில் எப்படியும் பெயின்ட் அடிக்கவேண்டும்,
பழுப்பு வாங்கட்டுமா?