பார்வைத் தடை உண்டு

டிக்கெட்டில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும்,
அதனால் நான்கு பவுண்டு குறைவு.
கீத்லி ஊரின் பழைய மைதானத்தில்
எனக்கும் வடக்குக் கோலின் பாதிக்கும் நடுவே
ஓர் இரும்புத் தூண்,
பதினேழு வருடம்.

அந்த மூலையின் கார்னர் கொடியை
நான் பார்த்ததே இல்லை.
பந்து அங்கே போனால் க்ளைவ் சொல்வான்:
"உதைக்கப் போறான். இல்லை, சாக்ஸை இழுத்துவிடுறான்.
நெட்டையன் உள்ளே வர்றான். விழுந்துட்டான்.
சும்மா விழுந்தான், ரெஃப்ரி ஏமாறல."
யார்க்‌ஷர் இங்கிலீஷ் எனக்குப் பிடிபட்டது
தெரியாத அந்த மூலையிலிருந்துதான்.

அவன் குளிர்காலத்தில்
சாலைகளுக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுபவன்.
நான் முதல் பஸ்.
அவன் உப்பின் மீது எத்தனை விடிகாலை ஓட்டினேனோ,
அதைப் பற்றிப் பேசியதில்லை.
குடும்பப் பெயர் தெரியாது.
மனைவி இருக்கிறாளா, இருந்தாளா, தெரியாது.
மழைக்கு முந்தின நாளே இடது முழங்கால் வலிக்கும்,
அது தெரியும்.
பெனால்டி என்றால் பார்க்க மாட்டான்,
குனிந்து தன் ஷூவையே முறைப்பான்.
அப்போது மட்டும்
நான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை பித்துப் பிடித்தவன் போலக் கத்தினான்.
கோட்டோரத்திலிருந்து வளைச்சு,
உள்கம்பத்தில் பட்டு, என்று
என் மூக்குக்கு முன்னால் விரலால் கோடு போட்டான்.
இரவு டிவியில் காட்டினார்கள்:
எதிரணிக்காரன் முழங்காலில் பட்டு
தானாக உருண்டு போன பந்து.
நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.
என் கணக்கில் இன்றும்
அது வளைந்துதான் போகிறது.

பிறகு புது ஸ்டேடியம் என்றார்கள்,
ரிங் ரோட்டை ஒட்டி, கார்ப்பெட் கிடங்குக்கு அடுத்து.
கூட்டத்தில் ஆளாளுக்குச் சத்தம்.
"எங்கப்பா சாம்பலை அந்தக் கோலுக்குப் பின்னாலதான் தூவினேன்,
அதை எந்த வேனில் ஏத்துவீங்க?" என்றாள் ஒருத்தி.
மேடையில் இருந்தவர் தண்ணீர் குடித்தார்.
நான் கை தூக்கவில்லை.
உண்மையைச் சொன்னால், பழைய கழிப்பறையை நினைத்தபோது
மாறினால் என்ன என்றுதான் தோன்றியது.

கடைசி ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை.
ஸ்பேனரோடு வந்திருந்தார்கள் சிலர்,
நாற்காலியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.
சாண்ட்விச் டப்பாவில் ஒரு துண்டுப் புல்.
நான் தூணில் ஒரு பெயிண்ட் சில்லை நகத்தால் பெயர்த்தேன்.
மேலே நீலம், அடியில் பச்சை,
அதற்கும் அடியில் எதிரூர்க்காரனின் சிவப்பு,
எந்தக் காலத்தில் யார் செய்த பாவமோ.
க்ளைவிடம் காட்டினேன், சிரித்தான்.
"சரி, அங்க பார்ப்போம்."
பார்ப்போம் என்றேன்.
போன் நம்பர் கேட்கத் தோன்றவே இல்லை.

இருக்கைகளைக் கம்ப்யூட்டர் பங்கிட்டது.

இப்போது எனக்கு நான்கு கொடிகளும் தெரிகின்றன,
கோல்கீப்பர் எச்சில் துப்புவதுகூட.
தூணில்லாமல் கூரை எப்படி நிற்கிறது என்று
முதல் பாதி முழுக்க அண்ணாந்திருந்தேன்.
கழிப்பறையில் கை காயவைக்க வெந்நீர்க் காற்று வேறு.
இடப்பக்கம் ஒரு பையன், மடியில் சிப்ஸ்,
கண்முன் நடந்ததைப் போனில் மறுபடி பார்க்கிறான்.
ஒவ்வொரு கார்னருக்கும் அவன் பக்கம் திரும்பி
ஒவ்வொரு முறையும் அசடு வழிந்தேன்.

எண்பத்தெட்டாம் நிமிடம் பெனால்டி.
எதிர் ஸ்டாண்டில் எல்லோரும் எழுந்து நிற்க
ஒரு தலை மட்டும் குனிந்திருந்தது.
அவனாக இருக்கலாம்.
கீழே விழுந்த கையுறையைத் தேடும்
வேறொருவனாகவும் இருக்கலாம்.

பந்து கீப்பரின் முழங்காலில் பட்டு
தத்தித் தத்தி உள்ளே போனது.

"வளைச்சுப் போட்டான்," என்றேன் சத்தமாக,
"உள்கம்பத்தில் பட்டு."
பையன் போனிலிருந்து தலை தூக்கி
என்னைப் பார்த்தான்.