விகுதி

பெருந்துறையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
எங்கள் ஊர்ப் பேச்சு தெரியுமல்லவா,
‘வாங்க’ போதாதென்று ‘வாங்கங்க’ என்போம்.
நாயை அவிழ்த்துவிட்டிருந்தாலும்
கடிக்குமுங்க, பாத்து வாங்க
என்று மரியாதையாகத்தான் சொல்வோம்.

போன ஆடியில்
விஜயமங்கலம் சுங்கச்சாவடி நாலாம் வழியில்
நடிகர் நிரஞ்சன் பூபதி
ஒரு பையனைக் கன்னத்தில் அறைந்தார்.
கண்ணாடி ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை, தாமதம், மது,
மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும்.

கார்த்திகையில் அதே சாவடி.
டிவியில் ஊரைச் சிரிக்கவைத்துக் கோப்பை வாங்கிய
எம்.வி. அறைந்தான்.

பாருங்கள், நானே எழுதிவிட்டேன்.
அவருக்கு ‘ர்’, இவனுக்கு ‘ன்’.
பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்யும் கை,
கேட்டுக்கொண்டா போகிறது.

அடித்தது தப்புத்தான். ரெண்டும்.
அதையும் எழுதிவைத்துவிட்டு மேலே போகிறேன்.

கோப்பையோடு எம்.வி. வந்த அன்று
இருபதுக்குப் பத்தில் பேனர் போட்டதும் நான்தான்.
‘மண்ணின் மைந்தரே வருக.’
கலரைக் கொஞ்சம் ஏத்தீருங்க, என்றார் ஆர்டர் கொடுத்தவர்.
ஏற்றினேன்.
இன்னுங் கொஞ்சமுங்க.
ஏற்றினேன்.
மேடையில் நின்றவருக்கும் பேனரில் நின்றவருக்கும்
தூரத்து உறவு மாதிரி ஒரு ஜாடை மட்டும் மிச்சமிருந்தது.
அன்றைக்கு ஊரே அவருக்கு ‘ங்க’ போட்டது.
சாப்பிட்டீங்களாங்க, என்று
அவர் அப்பாவையும் கேட்டார்கள்.
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தார் அவர்.

அறைந்த மறுநாள்
எம்.வி. விரிந்து மதுரைவீரன் ஆனது.
தகப்பன் பெயர் வந்தது, தெருவின் பெயர் வந்தது.
செய்தி வாசித்தவர் தெருப் பெயரில் வந்து
ஒரு நொடி நின்று போனார்.
புத்தி எங்க போகும், என்றது பேக்கரி பெஞ்சு.

நிரஞ்சனுக்குத் தெருவே இல்லை.
மன அழுத்தம் இருந்தது.
படம் ஓடலையாமுங்க,
தூங்கி நாலு நாளாச்சாமுங்க, பாவம்.
சமரசமாகப் போய்விட்டது.
கை கூப்பிய படத்தோடு
‘அண்ணன் வருந்துகிறார்’ என்று எட்டு பேனர் அடித்தேன்.
ஒன்றுக்குப் பால் ஊற்றினார்கள்.

மதுரைவீரனும் மன்னிப்புக் கேட்டான், அழுதுகொண்டே, வீடியோவில்.
நடிக்கிறான் என்றார்கள்.
நடிகர் கேட்டபோது
அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை.
கோபி கிளைச்சிறையில் பதினோரு நாள்.
கபடிப் போட்டி போஸ்டரில்
அவன் முகத்தை எடுக்கச் சொல்லி போன் வந்தது.
எடுத்தேன். ஓட்டையாகத் தெரிந்த இடத்தில்
ஒரு ரோஜாச் செடி வைத்தேன்.

நம்பமாட்டீர்கள்,
இரண்டு அறையும் வாங்கியது ஒரே பையன்.
திகம்பர் மாஜி, ஒடிசா.
ஆடியில் அவன் ‘இந்திக்காரப் பையன்,
தமிழ் தெரியாம எதாச்சும் பேசியிருப்பான்.’
கார்த்திகையில் அவனே
‘ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கிற ஏழை.’
சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள்.
அதுவும் என்னிடம்தான் பிரிண்டுக்கு வந்தது.

போன வாரம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வந்தான்,
வேறு வேலைக்கு எழுதிப் போட.
கேட்கக்கூடாததைக் கேட்டேன்,
எது ரொம்ப வலிச்சுது?

யோசித்தான்.
“மொதல் ஆள் மோதிரம் போட்டிருந்தான்.
அவன் அடிச்சான், ரத்தம்.
இவன் அடிச்சான், ரத்தம் இல்ல.”

இரண்டு பேருக்கும் ‘ன்’.
தமிழ் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது,
‘ர்’ வரை இன்னும் போகவில்லை.

திரையில் அவன் முகம்.
கன்ன எலும்போரம் ஒரு சின்னத் தழும்பு.
அவன் எதுவும் கேட்கவில்லை.
என் விரல் அதற்குள் கலரை ஏற்றிக்கொண்டிருந்தது.

எட்டுப் பிரதி, அறுபது ரூபாய்.
மீதிச் சில்லறையைக் கொடுத்து
போயிட்டு வா, என்றேன்.
அவன் படியிறங்கிப் போனபிறகுதான்
நான் சொன்னது எனக்குக் கேட்டது.