வலி

பதினொரு கிழமையாக நூற்றுப் பதினைந்து.
பக்கத்துக்கு ஒன்றாக
பிஸ்கட் அளவுத் தட்டு இரண்டைக் கூட்டினால் போதும்,
தரைக்கும் பாருக்கும் தாலி கட்டியதுபோல்
பிரிய மாட்டோம் என்கின்றன.

பீல் நகரத்தில், மாட்ரெட்ச் பக்கம்,
டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் ஜிம்.
நவம்பர். ஏரியிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம்
கண்ணாடிக் கதவில் முகம் ஒட்டி நிற்கிறது,
சந்தா கட்டாத ஆள்போல.

பகலில் எனக்கு வேறு பாரம்.
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் மூன்றாம் மேசை.
கண்ணில் உருப்பெருக்கி, விரலில் சாமணம்,
எள்ளிலும் சிறிய திருகாணி.
மூச்சு விட்டால் பறந்துவிடும்.
ஆகவே அடக்கி அடக்கி எட்டு மணிநேரம்.
மாலை ஆறரைக்கு
அடக்கியதையெல்லாம் கொண்டுவந்து
இரும்பின்மேல் கொட்டுவேன்.
பாய்ந்தேன், பிடித்தேன், பிய்த்தேன்,
கெட்ட வார்த்தை ஒன்றை
மூன்று மொழியிலும் சொன்னேன்.
பாருக்கு ஒரு மொழியும் விளங்கவில்லை.

ஃபாத்மிரே பக்கவாட்டில் நின்று படம் எடுத்தாள்.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்,
எலும்பு பார்த்துப் பழகிய கண்.
ஒன்றும் கதைக்காமல் போனை நீட்டினாள்.
அதில் நான், அதே நூற்றுப் பதினைந்துடன்:
முதலில் எழும்புவது இடுப்பு,
ஆறுதலாகப் பின்னால் வருவது தோள்,
படுத்த ஒட்டகம் எழும்புகிற அதே ஒழுங்கு.
கணைக்காலை விட்டு
இரண்டு விரற்கடை விலகி
பார் தன்பாட்டில் போகிறது.

நாற்பத்திரண்டு வயதுவரை
என் பின்பக்கத்தை இவ்வளவு கவனமாக
நான் பார்த்ததில்லை.
திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம்.
சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல்.

விக்கலுக்கு நடுவே "எண்பது" என்றாள்.
எண்பதா?
அது மூன்று வருடத்துக்கு முன்
நான் தாண்டிப்போன ஸ்டேஷன்.
தட்டுகளைக் கழற்றும்போது
ஜிம்மே என்னைப் பார்ப்பதாக நினைத்தேன்.
ஒருவரும் பார்க்கவில்லை,
அதுவும் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

சப்பாத்தைக் கழற்றி மேசுடன் நின்றேன்.
பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே பார்.
கமக்கட்டில் காய்ச்சல் பார்க்கும் குழாய் இருக்கிறது,
விழவிடாதே, இறுக்கு.
மூச்சு நெஞ்சுக்கு அல்ல, வயிற்றுக்கு,
பெல்ட் முறைப்பாடு சொல்லும்வரை.
பிறகு, இவ்வளவு காலம் நான் அறியாதது,
உடனே இழுக்காதே.
பாருக்கும் தட்டுக்கும் நடுவே
சின்னத் தளர்வு ஒன்று ஒளிந்திருக்கிறது.
அதை முதலில் எடு.
க்ளிக்.
நாணேறிய வில்லாக உடம்பு நிற்கும்.
இனித் தூக்கவேண்டியதில்லை,
தரையைக் காலால் தள்ளினால் சரி.

அந்தக் க்ளிக் எனக்குப் பழக்கம்.
சுருள்வில்லை முறுக்கும்போது
பல்லில் பல் விழுகிற சத்தம்.
பகல் முழுக்க விரலால் கேட்டதை
மாலையில் முதுகால் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

எண்பதில் மூன்று கிழமை.
பிறகு கடன் அடைப்பதுபோல்
ஐந்து, ஐந்து, இரண்டரை.

ஒருநாள் கேட்டாள்,
"இழுப்பதற்கு உங்கள் மொழியில் என்ன?"
வலித்தல் என்று பழைய சொல் உண்டு,
துடுப்பு வலிக்கலாம், கயிறு வலிக்கலாம்.
பலத்துக்கு?
வலி.
நாளைக்குப் படியிறங்கும்போது
தொடையில் இருக்கப்போவதற்கு?
அதுவும் அதுதான்.
"சிக்கனமான ஆட்கள்" என்றாள்.

பெப்ரவரி, ஒரு வியாழன், நூற்றிருபது.
க்ளிக் கேட்டது.
கணைக்காலைச் சுரண்டிக்கொண்டு ஏறியது பார்,
முழங்காலடியில் நின்று
போவோமா வேண்டாமா என்று யோசித்தது.
நானும் அவசரப்படுத்தவில்லை.
நிமிர்ந்து நின்றபோது
சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருந்தது.
தொழில் புத்தி, அதைத்தான் முதலில் பார்த்தேன்.
ஃபாத்மிரே கத்தினாள்.
படம் எடுக்க மறந்துபோனாள்.

அடுத்த காலை மூன்றாம் மேசையில்
உள்ளங்கை நடுங்கித்
திருகாணி ஒன்று கீழே விழுந்தது.
மேற்பார்வையாளர் புரூன்னர் திரும்பிப் பார்க்கிறார்.
பாதங்களை அகட்டி வைத்து,
கமக்கட்டை இறுக்கி,
வயிறு முட்ட மூச்செடுத்துக்
குனிகிறேன்.