நான்கு விரற்கடை

ஃபியோர்டின் இக்கரையில், மூன்றாம் வரிசையில்,
ஆரஞ்சு நிறத்தில் அது வந்து படுத்தது.
நின்றது என்று சொல்ல முடியாது.
தரைக்கும் வயிற்றுக்கும் நான்கு விரற்கடை.

பதினெட்டு வருஷமாய் இந்தத் துறையில்
கைகாட்டி வண்டி ஏற்றுகிறவன் நான்.
கல்யாண வண்டி, சவ வண்டி, பன்றி லாரி
எல்லாம் ஏற்றியிருக்கிறேன்.
யாரும் இறங்கி நின்று பார்த்ததில்லை.
இன்று இறங்கினார்கள்,
தூறலில் தலை நனைய.

"பல் டாக்டராய் இருப்பான்" என்றான்
பால் லாரி ஒட்வார், படியில் தொங்கிக்கொண்டு.
மின்சாரக் காரில் வந்த தம்பதி
புகையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு
அதன் முன்னால் நின்று
ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கதவு சிறகுபோல் மேலே திறக்கும் என்று காத்திருந்தோம்.
எல்லாக் கதவையும்போலத் திறந்தது.
பாதிப் பேருக்கு அதிலேயே ஏமாற்றம்.
இறங்கியவள் அறுபது தாண்டியவள்,
கம்பளிக் காலுறை,
முழங்காலில் கையூன்றி
கிணற்றிலிருந்து ஏறுவதுபோல் ஏறி வந்தாள்.
மிச்சப் பாதிக்கு அதில் ஏமாற்றம்.
"புருஷன் சம்பாத்தியம்"
திருத்திக்கொண்டான் ஒட்வார்.

நீர் வற்றிய நேரம். படகுக்கு இறங்கும் பாலம்
செங்குத்தாய்ச் சரிந்திருந்தது.
"உரசுமா?" என்று கேட்டாள்.
"பார்க்கலாம்" என்றது வாய்.
உரசட்டும் என்றது
வாய்க்குக் கீழே எங்கோ ஒன்று.

ஏன் என்று கேட்காதீர்கள்.
அவள் என்னிடம் எதையும் பிடுங்கவில்லை.
என் காரின் கடன் போன மாதம்தான் தீர்ந்தது.
அதன்மேல் எவன் கண்ணும் படாது.

இரண்டு மரப்பலகை கொண்டுவந்து போட்டேன்.
சரியாகத்தான் போட்டேனா,
ஒரு விரற்கடை தள்ளிப் போட்டேனா,
நினைவில்லை என்று சொன்னால்
நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

வா, வா, வா என்றது என் கை.
செல்பேசிகள் உயர்ந்தன.

கர்ரக்.

சின்னச் சத்தம்தான், அடிப்பிடித்த பாத்திரத்தில்
கரண்டி இழுபட்டதுபோல.
ஆனால் துறை முழுக்க ஒரு மூச்சு வெளியே வந்தது,
பசியாறிய மூச்சு.
"அடடா, பாவம்" என்றார்கள்
சிரித்த வாயை மூட நேரமில்லாமல்.

நடுநீரில் எல்லா வண்டிக்கும் ஒரே வேகம்.
இருபது நிமிஷம்
பால் லாரியும் அதுவும் சமமாய்ப் பறந்தன.
ஒவ்வொருவராய் வந்து சன்னலைத் தட்டினார்கள்.
என்ன விலை? எவ்வளவு போகும்?
"இந்தச் சாலையில் அறுபது" என்றாள்,
"உங்களுடையதும் அவ்வளவுதானே."

தார்யெய் என்ற பொடியன் மட்டும் எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடியில் மூக்கை நசுக்கி நின்றான்.
அவன் மூச்சில் கண்ணாடி வெளுத்தது.
உள்ளிருந்து அவள்
அதே இடத்தில் தன் மூக்கை வைத்தாள்.

கேன்டீனில் இரண்டு ஸ்வேலே வாங்கினாள்,
வெண்ணெயும் பழுப்புச் சீஸும் வைத்து மடித்தது.
ஒன்றை என் கையில் திணித்து
"பலகைக்கு" என்றாள்.
நன்றியா குத்தலா, முகத்தில் எழுதியிருக்கவில்லை.
சூடாயிருந்தது. தின்றேன்.

அக்கரையிலும் அதே சரிவு, மேல்நோக்கி.
இம்முறை ஈர இரும்பில் குப்புறப் படுத்து
வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன்.
நான்கு விரலும் நுழைந்தன.
"வா" என்றேன்.
சத்தம் இல்லை. படம் எடுத்தவர்கள்
அதை அழித்துவிட்டுக் காருக்குள் போனார்கள்.

சுரங்க வாயில் வந்ததும்
ஒரே ஒரு முறை இன்ஜினைக் கர்ஜிக்க விட்டாள்.
மலை அதைத் திருப்பிச் சொன்னது.

"திமிர்" என்றான் ஒட்வார்.
"ஆமாம்" என்றேன்.
பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
உள்ளே அது கரைந்து முடியும்வரை
நான் கைகாட்டவில்லை,
அவன் லாரியை எடுக்கவில்லை.