வெள்ளையில் வெள்ளை

இருபத்தாறு வருஷம் காகித ஆலையில்
வெண்மையை அளந்தேன்.
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றாறு என்று
கருவி எண் காட்டும்;
அதற்குமுன் என் கண் சொல்லிவிடும்.
ஓர் ஏப்ரலில் ஆலையை மூடினார்கள்.
ஏரியில் அப்போதும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது.
அது ஆயிற்று இரண்டு வருஷம்.

டுலூத் நகர நூலகம், இரண்டாம் மாடி,
ஏழாம் எண் கணினி,
பாதி எழுத்து தேய்ந்துபோன விசைப்பலகை.
"ரெஸ்யூமை முதலில் படிப்பது ஆள் இல்லை, ஆர்லிஸ்,"
என்கிறான் ரஸ் பெலாஞ்சர்,
என்னோடு ஒரே நாளில் வேலை போனவன்.
"படிப்பது என்றும் சொல்ல முடியாது.
சலிக்கிறது."

இரண்டு பத்தி கூடாது.
கட்டம் கூடாது, கோடு கூடாது,
புகைப்படம் கூடவே கூடாது.
நான் முதலில் அனுப்பியதில்
இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் விலாசம் என்று
அழகாகப் பிரித்து வைத்திருந்தேன்.
அதைக் குறுக்காக வாசித்திருக்கிறது.
அது எடுத்துக்கொண்டதைத் திரையில் பார்த்தோம்:
'கிழக்கு நான்காம் தெருவை
இருபத்தாறு வருஷம் மேற்பார்வையிட்டவர்.
கொஸ்கெலா என்னும் இயந்திரத்தை இயக்கத் தெரியும்.'

பொய் என்று சொல்லமாட்டேன்.
அந்தக் கொஸ்கெலாவை நான்தான் இயக்கினேன்.
சில காலைகளில்
தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

வெண்மை பார்க்க ஓர் ஆள் உண்டு என்பது
அதற்குத் தெரியாது.
'தர உறுதிப்பாடு' என்று மாற்றினோம்.
ராத்திரி ஷிஃப்டில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்தபோது
நடுவில் போய் நின்றேனே, அது
'குழு ஒருங்கிணைப்பு' ஆனது.
விளம்பரத்தில் எந்தச் சொல்லோ அதே சொல்,
எழுத்துப் பிசகாமல்.
கிளிப்பிள்ளையிடம் கிளிப்பிள்ளை
வேலை கேட்பதுபோல.

"இந்த இரண்டு வருஷ ஓட்டைதான் இடிக்கும்," என்றான்.
பிறகு ஒரு தந்திரம் சொன்னான், குரலைத் தாழ்த்தி,
புத்தக அலமாரிகள் ஒட்டுக்கேட்பதுபோல:
அவர்கள் கேட்கும் சொற்களையெல்லாம்
பொடி எழுத்தில், வெள்ளை நிறத்தில்
அடித்து வைத்துவிடு.
தாளும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை.
மனுஷன் கண்ணில் படாது.
மெஷின் மட்டும் படிக்கும்.

என்னிடமா சொல்கிறாய், ரஸ்?
வெள்ளைமேல் வெள்ளை இருந்தால்
எனக்குத் தெரியாமல் போகுமா?

ஆனாலும் அடித்தேன்,
அவன் காப்பி வாங்கப் போயிருந்தபோது.
அவர்கள் கேட்ட சொற்களை அல்ல.

'ஐனோ, என் தம்பி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
நான்தான் கார் ஓட்டினேன்.
பாலத்தைத் தூக்கியிருந்தால்
கப்பல் கடக்கும்வரை காத்திருப்போம்.
கப்பலின் பெயரை அவன் உரக்கப் படிப்பான்.
நவம்பரில் படிப்பதை நிறுத்திவிட்டான்.
மார்ச்சுக்குப் பிறகு
எனக்குப் பாலம் கடக்கிற வேலை இல்லை.'

அளவு ஆறு. நிறம் வெள்ளை.
ஓட்டை இருந்த அதே இடத்தில்.

பொத்தானை அழுத்தியபோது மணி எட்டு ஐம்பது.
மூடப்போகிறோம் என்று விளக்குகளை
ஒருமுறை அணைத்துப் போட்டார்கள்.
எட்டு ஐம்பத்து நாலுக்குப் பதில் வந்தது:
'தங்கள் விண்ணப்பத்தை
மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். வருந்துகிறோம்.'

நாலு நிமிஷம்.
மருத்துவமனையில்கூட ஐனோவைப் பற்றி யாரும்
அத்தனை நேரம் உட்கார்ந்து படித்ததில்லை.

ரஸ் காப்பியோடு வந்து, திரையைப் பார்த்து,
"நாளைக்குச் சுப்பீரியரில் நாய்த்தீனி ஆலை," என்றான்.
"அங்கேயும் தரம் பார்க்க ஆள் கேட்கிறார்கள்."
சரி என்றேன்.
பத்து சென்ட் போட்டு ஒரு பிரதி அச்செடுத்தேன்.
படிக்கட்டில் நின்று
தாளைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தேன்.
இரண்டு வருஷம் இருந்த இடத்தில்
ஒரு மசியும் இல்லை.

மட்டமான தாள்.
எண்பத்தேழு இருக்கும்.