அளவு

முள்ளியவளைச் சந்தியில்
ரீலோட் கடைக்கும் கோழித்தீன் கடைக்கும் நடுவில
எட்டடி அகலம், ஒரு தையல் மெஷின்.
வைகாசி பிறந்தால் எனக்கு நித்திரை இல்லை.
வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போற பெண்டுகள் முழுக்க
சாறிச் சட்டைத் துணியோட வந்து நிப்பினம்.

நாடாவைச் சுத்திப் பிடிச்சு
முப்பத்தாறு, முப்பத்தெட்டு எண்டு
கொப்பியில எழுதுறது என்ர கை.
என்ர இடப்பக்கத்துக்கு எழுத ஒண்டும் இல்லை.
அது மாத்தளனில போனது.
புல்மோட்டையில கண் முழிச்சபோது
கட்டுத்துணி வலு தட்டையாய்க் கிடந்தது.
எனக்குப் பதினெட்டு.

மூண்டு சம்பந்தம் வந்தது.
முதலாவது ஆளுக்கு நானே சொன்னன்.
பிறகு அவர் போன் எடுக்கேல்லை.
ரெண்டாவது ஆளின்ர தமக்கை
அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்
"காட்டும் பாப்பம்" எண்டா.
காட்டினன்.
இண்டைக்கும் மன்னிக்கேலாமல் கிடக்கு,
அவவை இல்லை, என்னை.
மூண்டாவதுக்கு, தரகர் கனகலிங்கம்
தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுச் சொன்னார்:
"பிள்ளை, காசு கொஞ்சம் கூட்டிக் குடுத்தால்
கதைச்சுப் பாக்கலாம்."

அதோட கோயிலுக்குப் போறதை விட்டன்.
முழுசாய் இருக்கிற சனம் போற இடம் எண்டு
மனசில ஒரு கணக்கு.

போன வருசம்
ஒட்டுசுட்டானிலயிருந்து ஒரு பிள்ளை வந்தா.
கைப்பைக்குள்ள தெல்லிப்பளை ஆஸ்பத்திரித் துண்டு.
நாடாவைக் கண்டதும்
ரெண்டு கையையும் குறுக்க கட்டிக்கொண்டு நிண்டா.
நான் திரைச்சீலையை இழுத்து விட்டன்.

"பஞ்சு வைக்காதேங்கோ.
பாரமில்லை, மேல ஏறி வந்திடும்.
கடுகு. நூற்றைம்பது கிராம்.
பருத்தித் துணியில பையாய்த் தைச்சு
கிழமைக்கு ஒருக்கா வெயிலில காய விடோணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என்ர பையை எடுத்து
அவவின்ர உள்ளங்கையில வைச்சன்.
என்ர உடம்புச் சூடு இன்னும் அதில இருந்தது.
அவ அழேல்லை.
கையால நிறுத்துப் பாத்தா.
"ஒரு மாசம் தாளிக்கக் காணும், என்னக்கா?"
நாங்கள் சிரிச்ச சிரிப்பில
கோழித்தீன் கடைக்காரர் எட்டிப் பாத்தார்.

அண்டு பின்னேரம் கடையைப் பூட்டிட்டு நடந்தன்.
கடல் தண்ணியில விளக்கு எரியிற கிழமை.
எரியுமோ எண்டு பெடியள் வாதாடுவாங்கள்.
நான் வாதாட வரேல்லை.
சனத்துக்குப் பின்னால
செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில நிண்டன்.
சுடர் சின்னன். ஆனால் நிண்டு எரிஞ்சது.
உப்புத் தண்ணி.
இத்தனை வருசமாய் நான் தலையணையில ஊத்தினதும்
அதுதானே. அதையும் எண்ணெய் எண்டு
எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

அம்மாளே,
நீ இந்தக் காட்டுக்கு வந்தபோது
மாடு மேய்ச்ச பெடியள் பேன் பாத்தாங்களாம்.
உன்ர தலை முழுக்கக் கண்ணாம்.
அத்தனை கண் இருந்தும்
அந்த அறைக்குள்ள நான் ஊசியைக் கழட்டினபோது
எங்க பாத்துக்கொண்டு இருந்தனீ?

மணி அடிச்சது. ஒரு குழந்தை சிணுங்கினது.
வேறொண்டும் இல்லை.
வீட்டுக்கு வாற வழியில, பாலத்தடியில,
சும்மா ஒண்டு தோன்றினது:
நீயும் ஒரு பக்கம் இல்லாமல்தான் வந்தனீயாம்.
உன்ர கதையைச் சொல்லுற ஆக்கள் ஒருத்தரும்
நீ பஞ்சு வைச்சு மறைச்சதாய்ச் சொல்லேல்லை.
சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு
கனநேரம் அங்கயே நிண்டன்.
ஆரோ என்னைப் பாத்துக்கொண்டு இருந்தமாதிரி.
அளவு எடுக்காத கண்ணால.

அடுத்த நாள், மிஞ்சிக் கிடந்த சிவப்புப் பட்டில
உனக்கொரு சட்டை வெட்டினன்.
வலப்பக்கம் டாட் பிடிச்சன்.
இடப்பக்கம் நேராய் விட்டன்.
பூசாரியாரிட்டக் கொண்டு போகேல்லை,
வாங்க மாட்டார்.
கடையில கொழுவியிருக்கு.

"பிழையாய் வெட்டிப்போட்டீரோ, லோஜினி?"
வாற போற ஆக்கள் கேப்பினம்.

இல்லை அக்கா.
போட்டுப் பாத்தனான்.
அளவு சரி.