ராகுகாலத்தில் வரும் வண்டி

ஆறாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
படிகள் நூற்றெட்டு. எண்ணியிருக்கிறேன்,
அரிசிப் பையோடு ஏறும்போது
அர்ச்சனைபோலப் படிக்கொரு வசவு.
அதனால்தான் ரங்கூனில் மாடிக்கு மாடி
கயிறு தொங்குகிறது,
நுனியில் ஒரு கிளிப், ஒரு சின்ன மணி.
செய்தித்தாள் ஏறும். கடன் பாக்கிச் சீட்டு ஏறும்.
சூடாக மொஹிங்கா ஏறும்.
வெறும் கிளிப்தான் இறங்கும்.

இறங்க வேண்டியதை நாங்கள்
பின்பக்க ஜன்னலிடம் கொடுத்துவிடுவோம்.
பின்சந்து பத்தடி அகலம்,
உச்சிவேளையில் மட்டும் வெயில் எட்டிப்பார்க்கும்.
முடிச்சிட்ட பை, கைவிட்டதும்
ஒன்று, இரண்டு, மூன்று,
தொப்.
அப்புறம் அது யாருடையதும் இல்லை.
மீன் செதில், முருங்கைச் சக்கை,
காய்ந்து கறுத்த எண்ணெய், பிள்ளையின் டயாபர்,
தரை தொட்டதும் எல்லாம் ஊர்ப் பொது.

வைகாசி மழை மூன்று நாள் விடவில்லை.
சாக்கடை வாயை எங்கள் பைகள் அடைத்துக்கொள்ள
கீழ்த்தளத்தில் டோ ஏ மூவின்
அடுப்புக்குள் தண்ணீர்.
அவள் மீன்குழம்பு அண்டா
தானே கிளம்பிக் கடைவாசல் வரை மிதந்ததாம்.
சிரித்தோம், மேலே.

நான்காம் நாள் என் கயிற்று மணி அடித்தது.
நான் எதுவும் கேட்கவில்லையே.
இழுத்தேன். கனமே இல்லை.
கிளிப்பின் பல்லில்
அலசி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி,
ஓரம் சுருண்ட நாள்காட்டித் தாள்கள்.
பதினேழு.
சித்திரை பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து...
சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்.
இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கிற வீடு
ஒன்றே ஒன்று.

குறிப்பு எதுவும் எழுதவில்லை அவள்.
அடையாள அட்டையில் நான் மா தீரி,
வீட்டில் செண்பகவல்லி.
இரண்டு பெயருக்கும் சேர்த்து முகம் சுட்டது.
எட்டிப் பார்த்தேன்.
டோ ஏ மூ நிமிரவில்லை,
வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது இரண்டு வாளி.
ஒன்றில் தோல், சக்கை, ஊசிப்போன சோறு,
மேலே ஒரு பிடி உமி.
இன்னொன்றில் அலசிய பை, புட்டி, டப்பா.
அதை வாங்கக் கோ ஸின் கூவிக்கொண்டு வருவான்.
தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்துவான்,
தெரியும், விட்டுவிடுவேன்.
மொட்டைமாடித் தொட்டியில் மூன்று மாதமாகத்
தோல்கள் மண்ணாகப் பார்க்கின்றன.
முதல் மாதம் புழு வந்தது,
புழுவின் பின்னால் ஐந்தாம் மாடிக்காரர் வந்தார்.
என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தியபடி கேட்கிறார்,
"குப்பைக்கு இத்தனை உபசாரமா?
எனக்கு ஒரு காப்பிக்கு வழியில்லை."

அதிலும் சேராமல் இதிலும் சேராமல்
மிஞ்சுகிற டயாபர் வகையறா
நகராட்சி வண்டிக்கு.
திங்கள் காலை எட்டு மணிக்கு வரும்.
ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம்,
நல்லது எதையும் தொடங்காதே என்று
வாளிக்கடியில் விரித்த அதே தாள் சொல்கிறது.
தெருவில் வண்டி மணி அடிக்கிறது,
பதிலுக்கு என் மணி.
கயிறு உள்ளங்கை எரிய
மெல்ல, ஒவ்வொரு மாடியாக
ஜன்னல் ஜன்னலாய் முகம் காட்டி
இறங்குகிறது என் குப்பை.

பாதி வழியில்,
பின்பக்கச் சமையலறைக்கு அப்பால்
ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம்.
கயிற்றைப் பிடித்தபடி
என்னை அறியாமல் எண்ணுகிறேன்.
ஒன்று, இரண்டு,
தொப்.

மூன்று வரவில்லை.
நான்காம் மாடிதான்.